நோயும் நாளாந்த உழைப்பும்: தலை, கழுத்துப் புற்றுநோய் பற்றிய எழுத்துக்களை முன்வைத்துச் சில விமரிசனக் குறிப்புக்கள்

1

நோய் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. எனினும் நோயைப் பொருளாகக் கொண்ட படைப்புக்களையும், அவற்றைப் பற்றி எழுந்த விமரிசனங்களையும் ஒருசேர வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. நோயாளி தமது மரணத்தை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே அவற்றின் மைய வினாவாக இருந்து வந்துள்ளது. அன்று காலை அவர் எதை உண்டார், அதை ஆக்கிக் கொடுத்தவர் யார், ஆக்கிக் கொடுத்தவர் அதற்காக ஒருநாட் கூலியை இழந்தாரா, இரவில் எத்தனை முறை எழுந்தார் ஆகிய வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பப்பட்டாலும் அவை பின்னணி விவரங்களாகவே கொள்ளப்படுகின்றன. மரணம் தத்துவத்துக்குரிய பொருளாயிற்று. பராமரிப்பு அடுக்களைக் காரியமாயிற்று. இப்பிரிவினை நோயின் இயல்பிலிருந்து தோன்றியதன்று. சிந்திப்போரையும் சுமப்போரையும் வெவ்வேறாக்கிய சமூக அமைப்பே நோய் பற்றிய எழுத்தையும் இவ்வாறு இரண்டாகப் பிளந்துள்ளது என்பது எமது கருத்து.

இக்கருத்தைப் பரிசீலிப்பதற்குத் தலை, கழுத்துப் புற்றுநோயின் முற்றிய நிலையை நாம் எடுத்துக்கொள்கின்றோம். அதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, இந்நோய் பற்றும் உறுப்புக்கள் வாய், நாக்கு, தாடை, தொண்டை, குரல்வளை, முகம் என்பன. மனிதர் பிறரோடு சேர்ந்து உண்பதும், பேசுவதும், பிறரால் இன்னாரென அடையாளங் காணப்படுவதும் இவற்றாலேயே. ஆகவே இந்நோய் தனிமனித உடலோடு நின்றுவிடாது, சமூக உறவின் கருவிகளையே தாக்குகின்றது. இரண்டாவது காரணம் எமக்கு மிக அண்மையிலுள்ளது. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகப் பதிவாகும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியன சேர்ந்த கூறு, புகைத்தல், மது ஆகியவற்றோடு தொடர்புடைய இந்நோய் உடலுழைப்பில் வாழும் மக்களையே பெரிதும் பற்றுகின்றது. இந்நோயை எழுத்து எவ்வாறு கையாண்டுள்ளது என வினவுவது, உழைக்கும் மக்களின் உடலை எழுத்து எவ்வாறு கண்டது என வினவுவதேயாகும்.

2

எழுத்தை மதிப்பிடுமுன் எழுதப்படவேண்டிய யதார்த்தம் யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நோய் முற்றிய நிலையில் தாடை இறுகி வாய் திறக்கமுடியாமற் போகின்றது. சோறு முதலிற் குழைசோறாகவும், பின்னர்க் கஞ்சியாகவும், அதன்பின் வடித்த தெளிவாகவும் மாறுகின்றது. கதிர்வீச்சுச் சிகிச்சை உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவதால் வாய் வறண்டு, உட்புறம் புண்ணாகி, சுவை மாறிவிடுகின்றது. விழுங்க இயலாதவருக்கு மூக்கினூடாகவோ வயிற்றுச் சுவரினூடாகவோ குழாய் செலுத்தப்படும். அதன்பின், இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு ஒருமுறை, அரைத்து வடித்த உணவை ஊசிக்குழாயால் மெதுவாகச் செலுத்தவேண்டும். நீர் விட்டுக் குழாயைக் கழுவவேண்டும். நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருக்கவேண்டும். மூச்சுக்காகக் கழுத்தில் துளையிடப்பட்டிருப்பின் சளியை உறிஞ்சி எடுக்கவேண்டும். அது பகலென்றும் இரவென்றும் பாராத வேலை. கன்னத்திலோ கழுத்திலோ புண் வெளியே வெடித்தால் நாற்றம் வீட்டை நிறைக்கின்றது. கட்டுக்களை மாற்றுவதும், நாற்றத்தைத் தணிக்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணில் இடுவதும் அன்றாடக் கடமைகளாகின்றன. கழுத்தின் பெரிய இரத்தக்குழாய் அரிக்கப்படும் அபாயமுள்ள நோயாளியின் அருகில் கரிய நிறத் துவாய்களை வைத்திருக்குமாறு தாதியர் சொல்வதுண்டு. இரத்தம் பெருக்கெடுத்தால் அதன் நிறம் கண்ணிற் படாதிருக்கவே அவ்வேற்பாடு. அத்துவாய்களை மடித்து வைப்பவரும் வீட்டிலுள்ள ஒருவரே.

இவை யாவும் உழைப்பு. இவ்வுழைப்புக்கு நேர ஒழுங்கு உண்டு, திறன் உண்டு, கருவிகள் உண்டு, களைப்பு உண்டு. கூலி மட்டும் இல்லை. பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ இதைச் செய்கின்றார். நோயாளியின் பேச்சுக் குழறத் தொடங்கியதும் அவருக்கும் உலகுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் அவரே மாறுகின்றார். நோயாளி உண்ண முடியாத வீட்டில் தாளிதத்தின் மணம் எழாதவாறு சமைத்து, அவர் காணாதவாறு ஒரு மூலையில் நின்றபடி உண்டு முடிக்கின்றார். தொற்றுநோயல்லாத இதனைத் தொற்றுமென அஞ்சி அயலார் விலகும்போது அந்த விலகலையும் அவரே தாங்குகின்றார்.

தனித்து உண்ணாமையைச் சான்றோர்க்குரிய பண்பாகப் போற்றிய மரபு எம்முடையது. அம்மரபிலே ஒருவர் உணவுக் கூட்டத்திலிருந்து நீங்குதல் பசியினும் பெரிய இழப்பாகும். இவ்விழப்பில் நோயாளியும் பராமரிப்பவரும் ஒருங்கே பங்குகொள்கின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இத்தகைய யதார்த்தத்தை எழுத்து தவிர்ப்பதற்குக் கையாளும் முதல் வழி உருவகமாகும். 1978இல் சூசன் சொன்ராக் வெளியிட்ட ‘நோய் என்னும் உருவகம்’ என்ற நூல் இதனைத் திட்பமாக எடுத்துக்காட்டியது. காசநோய் மென்மையான, ஆன்மிக மெருகுடைய நோயாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்திற் போற்றப்பட்டதையும், புற்றுநோய் வெட்கத்துக்குரியதாகவும் அடக்கப்பட்ட உணர்ச்சிகளின் தண்டனையாகவும் கருதப்பட்டதையும் அவர் ஒப்பிட்டார். தாம் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவராயிருந்தும் அந்நூலிலே தமது அனுபவத்தை அவர் கூறவில்லை. உருவகங்களைக் களைந்தால் நோயாளி அச்சத்தினின்றும் வெட்கத்தினின்றும் விடுபடுவார் என்பது அவரது வாதம்.

சொன்ராக் கூறுவது எத்துணை உண்மை என்பதற்குச் சொல்செனிற்சினின் ‘புற்றுநோய் விடுதி’ நல்ல சான்றாகும். 1955ஆம் ஆண்டுத் தாஷ்கந்து வைத்தியசாலையைக் களமாகக் கொண்ட இந்நாவல் சோவியத் நாட்டில் அச்சேற அனுமதிக்கப்படாது 1968இல் வெளிநாடுகளில் வெளிவந்தது. இதில் வரும் யெஃப்ரெம் பொத்துயெவ் என்ற கட்டுமானத் தொழில் மேற்பார்வையாளனுக்கு நாக்கிற் புற்றுநோய். அது கழுத்துக்குப் பரவியுள்ளது. கழுத்து முழுவதும் கட்டுப் போடப்பட்டு, தலையைத் திருப்பமுடியாதவனாக அவன் விடுதியில் முன்னும் பின்னுமாக நடக்கின்றான். உலக இலக்கியத்தில் இந்நோயாளியின் உடலசைவை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பாத்திரம் அரிது. ஆயினும் நாவலாசிரியர் அத்துடன் அமையவில்லை. அந்த நாக்கினாலேயே அவன் பொய் சொன்னான், செய்யாத வேலைக்குக் கூலி பெற்றான், தொழிலாளரை ஏசினான் என்று பட்டியலிடுகின்றார். பாவம் செய்த உறுப்பிலேயே நோய் வந்தது என்ற பழைய வினைக்கோட்பாட்டின் சாயல் இங்கு தெளிவாக உண்டு. பொத்துயெவ் சிகிச்சையால் இனிப் பயனில்லையென வெளியேற்றப்பட்டு, புகையிரத நிலையத்தில் இறந்து போகின்றான் என்ற செய்தி மட்டும் பின்னர் விடுதிக்கு வந்து சேர்கின்றது.

சொல்செனிற்சினின் அரசியல் எமக்கு ஏற்புடையதன்று என்பதற்காக இந்நாவலைப் புறக்கணித்தல் தகாது. லூக்காச் 1970இல் நூலாக வந்த தமது கட்டுரைகளில் அவரது நாவல்களை யதார்த்தவாத மரபின் வளர்ச்சியாக மதிப்பிட்டு, அவரது நோக்கு சோசலிச நோக்காக அன்றிச் சாதாரண மக்களின் எளிய எதிர்ப்புணர்வாகவே நிற்கின்றது எனவும் சுட்டினார். அவ்விரண்டு பகுதிகளையும் நாம் ஏற்கின்றோம். நெருக்கடி நிறைந்த பொது விடுதி தமக்குத் தகாதெனக் கருதும் அதிகாரி ருசானவ் கழுத்திற் கட்டியோடு அங்கே வந்து படுக்க நேர்வதும், அவரது மனைவி தனியிடம் பெற முயல்வதும் வர்க்க யதார்த்தம் நன்கு பிடிக்கப்பட்ட இடங்கள். பொத்துயெவின் நாக்கை நீதிக்கதையாக்கும் இடத்திலோ யதார்த்தம் தளர்கின்றது. அவனுக்கு யார் உணவு புகட்டினார், கட்டு மாற்றியவர் யார், தனியனாகப் புகையிரத நிலையம் வரை அவன் எவ்வாறு சென்றான் என்பனவற்றை நாவல் சொல்லாது விடுவது தற்செயலன்று. தண்டனை பெற்றவனுக்குப் பராமரிப்பு தேவையென எவரும் கருதுவதில்லை.

தமிழிலே உருவகம் வேறொரு பாதையில் இயங்குகின்றது. 1962இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஏறக்குறைய முழுவதும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றது. கணவன் புற்றுநோயாளி, மனைவி உடனிருந்து பராமரிப்பவள், சிகிச்சை செய்யும் வைத்தியன் அவளது முன்னாட் காதலன். பராமரிப்பவரை மையத்தில் வைத்த படமென இதனைப் பாராட்டத் தோன்றும். ஆயின் அவளது பராமரிப்பு உழைப்பாக எங்கும் தோன்றுவதில்லை. அது கற்பின் சோதனையாக மாற்றப்படுகின்றது. தான் இறந்தால் தன் மனைவியை மணக்கவேண்டுமெனக் கணவன் வைத்தியனைக் கேட்பதும் அதனால் அவள் துடிப்பதுமே கதை. நோயாளியின் முகம் இறுதிவரை அழகாகவே இருக்கின்றது. சோகத்துக்குரிய நோய் முகத்தைத் தொடக்கூடாது என்பது எமது வெகுசனக் கலையின் எழுதாத விதி. அவ்விதி இருக்கும்வரை கன்னம் துளைத்த நோயாளி திரையிலோ தொடர்கதையிலோ கதாநாயகனாக வரமாட்டார்.

முற்போக்கு எழுத்தும் இதற்கு விலக்கன்று. சாதியைச் சமூகத்தின் புற்றுநோய் என்றும், ஊழலைத் தேசத்தின் புற்றுநோய் என்றும் கூறுவது மேடைகளிலும் சஞ்சிகைகளிலும் வழக்கமாகிவிட்டது. அரசியலிற் கையாளப்படும் இவ்வுருவகம் கொடுமையான நடவடிக்கைகளை நியாயப்படுத்த உதவுவதென்று சொன்ராக் எச்சரித்துள்ளார். எமது ஆட்சேபம் அதனினும் எளிமையானது. சாதியமைப்பு வரலாற்றில் மனிதர் உண்டாக்கியது. அதனால் பயன்பெறுவோர் உளர். புற்றுநோயினால் எவரும் பயன்பெறுவதில்லை. உருவகம் சுரண்டலின் காரணகாரியங்களை மறைக்கின்றது. அதே வேளை, கூட்டத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியின் மகனை நாணச் செய்கின்றது. இரு வகையிலும் அது முற்போக்கானதன்று.

எனினும் உருவகத்தைக் களைவதோடு காரியம் முடிந்துவிடாது. இங்கேதான் சொன்ராக்கின் எல்லை தென்படுகின்றது. உருவகங்கள் நீங்கியபின் எஞ்சுவது நோயாளியும் மருத்துவ அறிவுமே என்பது போல அவர் எழுதுகின்றார். உண்மையில் எஞ்சுவது அம்மியும் வடிகட்டியும் ஊசிக்குழாயும் அவற்றைக் கையாளும் ஒருவருமாவர். சொற்களைத் தூய்மை செய்வதனால் அவருடைய சுமை குறைவதில்லை.

4

எழுத்து கையாளும் இரண்டாவது வழி பராமரிப்பவரைக் காட்டியும் காட்டாமல் விடுவது. தோல்ஸ்தோய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. அதன் நாயகனுக்குப் பற்றியது நாம் ஆராயும் நோயன்று. ஆயினும் நோய் பற்றிய பிற்கால எழுத்துக்கெல்லாம் அது மாதிரியாகியமையால் அதனை விலக்கமுடியாது. நீதிபதி இவான் இலியிச்சைக் குடும்பத்தினரும் வைத்தியர்களும் பொய்களாற் சூழ்ந்திருக்க, கெராசிம் என்ற இளம் விவசாயப் பணியாளன் ஒருவனே மலசலக் கலத்தை அகற்றுகின்றான். எசமானின் கால்களைத் தன் தோள்மீது தாங்கி இரவு முழுதும் அமர்ந்திருக்கின்றான். எல்லோரும் ஒருநாள் இறப்பவரே, ஆகவே இந்தச் சிரமத்தை ஏற்பதிற் குறையென்ன என்பது அவனது நிலை.

பராமரிப்பின் உடலுழைப்பை இவ்வளவு வெளிப்படையாக இலக்கியத்துக்குள் கொண்டுவந்தமை தோல்ஸ்தோயின் சாதனை. கெராசிம் களைப்படையாதவன் என்பது அவரது எல்லை. இரவெல்லாம் காலைத் தாங்கியவன் மறுநாள் விறகு வெட்டவும் வேண்டும். அவன் எப்போது உறங்கினான், அவனது சம்பளம் என்ன, மறுக்கும் உரிமை அவனுக்கு இருந்ததா என்பன கதையில் இல்லை. விவசாயியின் உழைப்பு விவசாயியின் நற்பண்பாக உருமாறிவிட்டது. உழைப்பு பண்பாக மாறும்போது அதற்குரிய கூலி பற்றிய கேள்வியும் மறைந்துவிடுகின்றது. பெண்ணின் பராமரிப்பு உழைப்பு தாய்மை, பத்தினித்தனம், பாசம் என்ற பெயர்களால் அழைக்கப்படும்போது நிகழ்வதும் இதுவே.

கற்பனைப் பாத்திரத்திலிருந்து வரலாற்று மனிதருக்கு வந்தாலும் நிலைமை வேறன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதியும், 1869 முதல் 1877 வரை அந்நாட்டின் சனாதிபதியுமாயிருந்த யுலிசிஸ் கிராண்ட் 1885 யூலை 23ஆந் தேதி தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். முந்திய ஆண்டு அவர் பங்காளராயிருந்த நிதி நிறுவனம் வீழ்ந்து குடும்பம் வறுமைப்பட்டிருந்தது. மனைவிக்கு ஏதேனும் விட்டுச்செல்லும் நோக்குடன், விழுங்கவும் இயலாத நிலையில், தமது நினைவுக் குறிப்புக்களை எழுதி, இறப்பதற்குச் சில நாட்கள் முன்னர் முடித்தார். மார்க் ட்வெய்ன் அதனை வெளியிட்டார். 1886இல் கிராண்டின் மனைவிக்குக் கிடைத்த முதற் காசோலையின் தொகை மட்டும் இரண்டு இலட்சம் டொலர். சாவோடு போராடி எழுதிய வீரனின் கதையாக இது மீளமீளக் கூறப்பட்டுள்ளது. நோய் குடும்பத்தின் பொருளாதாரத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதற்கான ஆவணமாகவும் அது வாசிக்கப்படலாம். அதனினும் முக்கியமானது, அவரது இறுதி மாதங்களில் அருகிலிருந்து அவரைப் பராமரித்தோருள் ஹரிசன் டெரல் என்ற பணியாளரும் ஒருவர் என்பது. அவர் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். அடிமைமுறையை ஒழித்த போரின் தளபதிக்கு அடிமையாகப் பிறந்தவர் செய்த பணிவிடை பல வாழ்க்கை வரலாறுகளில் ஓரிரு வரிகளுக்குமேற் பெறவில்லை.

இங்கு பிறிதொன்றையும் அவதானிக்கலாம். குரல் இழந்த கிராண்ட் துண்டுக் கடதாசிகளில் எழுதித் தமது வைத்தியரோடு பேசினார். அக்குறிப்புக்கள் இன்றும் உள்ளன. எழுத்தறிவு பெறாத தொழிலாளி நாக்கை இழக்கும்போது அவருக்கு அத்தகைய துண்டுக் கடதாசி இல்லை. சைகையும், அச்சைகையை அறிந்த ஒருவருமே அவருக்கு உண்டு. ஆகவே இந்நோயின் ஆவணங்களாக எமக்குக் கிடைப்பவை எழுத வல்லவர்கள் எழுதியவையே. நோய் பற்றிய இலக்கியத்தின் வர்க்கத்தன்மை அதன் கருத்துக்களில் மட்டுமன்றி, அது தோன்றுவதற்கான சாத்தியப்பாட்டிலேயே அடங்கியுள்ளது.

பிராய்டின் வரலாறும் இவ்வகையிற் படிப்பினை தருவது. 1923இல் அவருக்கு மேல்வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மேல்தாடையின் பெரும்பகுதியும் அண்ணமும் அகற்றப்பட்டன. வாயையும் மூக்கறையையும் பிரிக்க ஒரு செயற்கை அண்ணம் பொருத்தப்பட்டது. 1939 செப்டெம்பர் 23ஆந் தேதி இலண்டனில் இறக்கும்வரை பதினாறு ஆண்டுகள் அதனோடும், முப்பதுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளோடும் அவர் வாழ்ந்தார். பேச்சு மூக்கொலியாயிற்று, ஒரு காது மந்தமாயிற்று, பிறர்முன் உண்பதை அவர் தவிர்க்கலானார். அச்செயற்கை அண்ணத்தைக் கழற்றிச் சுத்தம்செய்து மீளப் பொருத்துவதில் மகள் அன்னா துணைநின்றார். ஒருமுறை இருவரும் அரைமணி நேரம் முயன்றும் பொருத்த முடியாமற் சத்திரசிகிச்சை வைத்தியரை அழைக்க நேர்ந்ததென ஏர்னெஸ்ட் ஜோன்ஸ் எழுதுகின்றார். பணிவிடையில் எவ்வித உணர்ச்சி வெளிப்பாடும் இருக்கக்கூடாதெனத் தந்தையும் மகளும் ஆரம்பத்திலேயே உடன்பட்டனர் என்பதும் அவர் தரும் செய்தி.

அன்னா பிராய்ட் தாமே ஓர் உளவியல் அறிஞர். அவரது இளமையின் பெரும்பகுதி இவ்வுழைப்பிற் கழிந்தது. 1923இன் பின்னர் பிராய்ட் எழுதிய நூல்கள், 1930இல் வெளிவந்த ‘நாகரிகமும் அதன் அதிருப்திகளும்’ உட்பட, இவ்வுழைப்பின்மீது எழுந்தவையாகும். உழைப்புச் சக்தி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில்லை; அதனை நாள்தோறும் புதுப்பிக்கும் கூலியற்ற உழைப்பொன்று வீட்டினுள் நிகழ்கின்றது என 1970களில் பெண்நிலைவாத மாக்சியர் எடுத்துரைத்தனர். நூலகத்திலுள்ள மேதையின் நூலுக்கும் அது பொருந்தும்.

5

நோயின் அன்றாடத்தை வெளிப்படையாக்கும் முயற்சிகளும் இல்லாமலில்லை. அமெரிக்கத் திரைப்பட விமரிசகர் ரோஜர் ஈபெர்ட் தைரொயிட் சுரப்பியிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் புற்றுநோய் கண்டு, 2006இல் கீழ்த்தாடையின் பகுதியையும், உண்ணும், பருகும், பேசும் ஆற்றல்களையும் இழந்தார். 2013இல் இறக்கும்வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார். உணவின் சுவையைக் காட்டிலும், உணவு மேசையைச் சூழ்ந்து எழும் பேச்சையே தாம் இழந்ததாக உணர்வதாக 2010இல் எழுதினார். இந்நோயின் சமூகத்தன்மையை இதனினும் சுருங்கக் கூறல் அரிது. சிதைந்த முகத்தை அவர் மறைக்கவில்லை. 2014இல் வெளியான ‘வாழ்வு தானே’ என்ற ஆவணப்படத்தில், கழுத்துத் துளையினூடாகச் சளி உறிஞ்சப்படும் காட்சி நேரடியாகக் காட்டப்படுகின்றது. எவரும் காணாத ஒன்று படம்பிடிக்கப்பட்டதில் ஈபெர்ட் மகிழ்ச்சியடைந்தார். அருகில் அவரது மனைவி சாஸ் நிற்கின்றார். சலிப்பும் பிடிவாதமும் நகைச்சுவையும் கலந்த அவர்களது உறவும் அங்கு தெரிகின்றது.

இப்படத்தை நாம் உயர்த்திக் கூறுவதற்குக் காரணம் அதன் துணிவு மட்டுமன்று. பராமரிப்பு இங்கு பண்பாகக் கரைந்துபோகாது வேலையாகவே காட்சி தருகின்றது. அதே வேளை, கணினிக் குரலும், தாதியும், புனர்வாழ்வு நிலையமும், காப்புறுதியும் அவ்வேலையின் பின்னணியிலுள்ளன. இவை எதுவுமில்லாத வீட்டில் அதே வேலை என்னவாகும் என்பதைச் சொல்ல வேறொரு படைப்புத் தேவைப்படும்.

6

அத்தேவை எமக்குரியது. மலையகத்தை எண்ணிப் பார்ப்போம். அதிகாலைக் குளிரில் கொழுந்து எடுக்கச் செல்வோருக்கு வெற்றிலைக் கூறு பசியையும் களைப்பையும் அடக்கும் துணை. எமது சிறுகதைகளிலும் நாவல்களிலும் வெற்றிலைப்பை பெரும்பாலும் மண்வாசனைக்கான அடையாளமாகவே வருகின்றது. பாக்கு தானே புற்றுநோயை உண்டாக்குவதென 2004இல் வெளியான சர்வதேச ஆய்வறிக்கை உறுதிப்படுத்திய பின்னர், அந்த மண்வாசனையை நாம் வேறு கண்கொண்டு வாசிக்கவேண்டியுள்ளது. பசிக்கு உணவு கொடுக்காத உற்பத்தி முறை பசியை மறக்கும் பொருளைக் கொடுத்தது. வெற்றிலையைத் தனிமனிதப் பழக்கமெனக் கண்டித்து நிற்பதும், பண்பாடெனப் போற்றி நிற்பதும் இவ்வுண்மையைத் தவறவிடுகின்றன.

நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவதற்கும் சமூகக் காரணங்கள் உள. வாயினுள் தோன்றும் வெண்திட்டுக்களையும் செந்திட்டுக்களையும் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார ஊழியரே கண்டறியலாமென இலங்கையில் நிகழ்ந்த ஆய்வு 1984இலேயே காட்டியது. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் நடந்த பெரும் ஆய்வு, புகையிலையும் மதுவும் பாவிப்போரிடையே இத்தகைய பரிசோதனை மரணங்களைக் குறைப்பதை 2005இல் நிறுவியது. கண்ணும் வெளிச்சமும் போதுமான பரிசோதனை இது. ஆயினும் தென்னாசியாவில் பெரும்பாலான நோயாளர் பிந்திய நிலையிலேயே வைத்தியசாலையை அடைகின்றனர். மேல் சிலேசியாவின் கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்த விர்சோ 1848இல் அதன் காரணங்களை மக்களின் வறுமையிலும் அரசியல் உரிமையின்மையிலும் கண்டார். அம்முறைமை இங்கும் பொருந்துவது.

எமது நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். அது போராடிக் காக்கவேண்டிய பேறு. எனினும் கதிர்வீச்சுச் சிகிச்சை வழமையாக வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் ஆறு அல்லது ஏழு வாரங்கள் நீடிப்பது. தோட்டத்திலிருந்து கண்டிக்கோ மஹரகமைக்கோ சென்று தங்கும் நோயாளியோடு ஒருவர் உடனிருக்கவேண்டும். அந்நாட்களில் அவருக்கு அரைப்பேர்தானும் விழாது. 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டமை வடபகுதி நோயாளரின் நீண்ட பயணத்தைக் குறைத்தது. தூரம் குறைவதும் ஒரு சிகிச்சையே. சிகிச்சை இலவசமாயிருக்கும்போதும் பராமரிப்பின் செலவு குடும்பத்தின்மீதே, அதிலும் பெண்ணின்மீதே, சுமத்தப்பட்டுள்ளது.

வலியும் இவ்வாறே அரசியற் பொருளாகின்றது. இந்தியாவில் 1985இல் இயற்றப்பட்ட போதைப்பொருட் சட்டத்தின் கடுமையினால், புற்றுநோயின் கடும்வலிக்கு உரிய மலிவான மருந்தாகிய மோர்பின் நோயாளருக்கு எட்டாப் பொருளாயிற்று. 2014இலேயே அச்சட்டம் இதன்பொருட்டுத் திருத்தப்பட்டது. இடைப்பட்ட மூன்று தசாப்தங்களிலும் வலியால் அலறியவரின் அருகில் இரவைக் கழித்தவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், பின்னர் அயலவரையே பயிற்றி, பராமரிப்பை ஊரின் கூட்டுப் பொறுப்பாக்கியது. இதனை அரசின் கடமைக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. எனினும், பராமரிப்பு வீட்டுக்குள் அடைபட்ட விதியன்று, பகிர்ந்துகொள்ளக்கூடிய சமூக உழைப்பு என்பதை அது நடைமுறையில் மெய்ப்பித்தது.

இவற்றிலிருந்து இலக்கிய விமரிசனம் பெறவேண்டியது யாது? யதார்த்தவாதம் என்பது துன்பத்தை மிகுதியாக விவரிப்பதன்று. துன்பம் எந்த உறவுகளினூடாக நிகழ்கின்றது, அதைத் தாங்கும் உழைப்பு யாரால் எந்நிலையிற் செய்யப்படுகின்றது என்பதைக் காட்டுவதே யதார்த்தவாதம். நோய்பற்றிய படைப்பை மதிப்பிடும்போது, நோயாளியின் மனவுலகம் எவ்வளவு ஆழமாகச் சித்திரிக்கப்பட்டுள்ளது என்பதோடு, கெராசிம் எப்போது உறங்கினான் என்ற கேள்வியையும் நாம் கேட்கவேண்டும். பராமரிப்பவரின் சலிப்பையும் சினத்தையும், இது எப்போது முடியும் என்ற, சொல்ல நாணும் எண்ணத்தையும் எழுதாத படைப்பு அவரைத் தெய்வமாக்கலாம், மனிதராக்காது.

இத்துறையில் எமது பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடிய பணி உண்டு. நாட்டார் பாடல்களையும் கதைகளையும் தொகுத்த அதே முறையில், லயங்களிலும் கடலோரக் கிராமங்களிலும் வைத்தியசாலை விறாந்தைகளிலும் இந்நோயாளரைப் பராமரித்தோரின் வாய்மொழிகளை அவரவர் இசைவோடும், பெயர் வெளியிடாதும் தொகுக்கலாம். நாக்கை இழந்தவரோடு பேச அவர்கள் உருவாக்கிய சைகைகள், குழறிய பேச்சிலிருந்து அவர்கள் பிரித்தறிந்த சொற்கள், உணவை அரைத்து வடிக்கக் கண்டுபிடித்த முறைகள், கடன்பட்ட கணக்குகள் யாவும் அத்தொகுப்பில் இடம்பெறவேண்டும். தமிழில் இந்நோய்பற்றிய முதற்றரமான படைப்பு என்றேனும் எழுதப்படுமாயின், அதற்கு வேண்டிய மொழி அங்கேயே இருக்கின்றது.